உங்கள் ஃபைல் எந்தக் கடலில் இருக்கிறது?

கடல் காலநிலை டேட்டா வேலைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூ பேனலில் உட்காரும்போதெல்லாம் முதல் கேள்வியாக ஒரு ஃபைலின் ஹெடரைத் திரையில் காட்டுவேன். படம் கிடையாது, கலர் கிடையாது, வெறும் எழுத்துதான். தீர்க்கரேகை −279.5 முதல் 79.5 வரை என்று அதில் இருக்கும். "இந்த டேட்டா எந்தக் கடலைச் சேர்ந்தது?" என்று கேட்பேன்.

பைதான் தெரியும், மெஷின் லேர்னிங் தெரியும் என்று ரெஸ்யூமேயில் எழுதியவர்களில் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். "ஃபைல் கரப்ட் ஆகியிருக்கு சார்" என்பவர்களும் உண்டு.

ஃபைலில் ஒரு கோளாறும் இல்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உள்ள ஜிஎஃப்டிஎல் ஆய்வகத்தில் வளர்ந்த 'மாம்' கடல் மாடலின் பழைய 1 டிகிரி கிரிட் அப்படித்தான் எண்ணும். −280-இல் ஆரம்பித்து கிழக்கே போய் 80-இல் முடியும். மொத்தம் 360 டிகிரி, அதாவது முழு உலகம். ஆரம்பமும் முடிவும் சந்திக்கும் தையல் 80 டிகிரி கிழக்கில் விழுகிறது. அது யாழ்ப்பாணத்தின் தீர்க்கரேகை. சென்னை 80.27. ஆகவே அரபிக்கடல் அரேயின் கடைசியில் கிடக்கும், வங்கக்கடல் அரேயின் தொடக்கத்தில் கிடக்கும். ஐரோப்பாவின் 'நீமோ' மாடல் பயன்படுத்தும் ஓர்கா கிரிட்டில் இதே தையல் சுமார் 73 டிகிரியில், லட்சத்தீவு, மாலத்தீவுப் பக்கம் விழுகிறது.

ஏன் நம் கடலில் வந்து விழுகிறது? வடதுருவத்தில் எல்லாத் தீர்க்கரேகைகளும் ஒரே புள்ளியில் குவிந்தால் மாடலின் கணக்கு சிக்கிக்கொள்ளும். அதனால் கிரிட்டின் வடதுருவத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கனடாவின் நிலத்திலும் மற்றதை சைபீரியாவின் நிலத்திலும் வைத்துவிடுகிறார்கள். தென்துருவத்தோடு சேர்த்து இதை மூன்று துருவ கிரிட் என்பார்கள். சைபீரியத் துருவம் நிற்கும் தீர்க்கரேகையை ஒட்டி அரே தொடங்குகிறது. அந்தக் கோட்டைப் பிடித்துத் தெற்கே இறங்கினால், ஆசியாவின் நிலம் முடிந்ததும் வருவது இந்தியப் பெருங்கடல்தான். பசிபிக்கும் அட்லாண்டிக்கும் முழுசாக இருக்கின்றன. வெட்டுப்படுவது நம்முடையது.

இந்தக் கடலை வைத்துத் தொழில் செய்யப் போகிறவர்கள் என்றால் இந்தத் தையல் முதல் வாரமே உங்கள் மேஜைக்கு வரும். நல்ல செய்தி என்னவென்றால், உங்கள் போட்டியாளர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. அழகாக மேப் போட எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். தன் டேட்டா எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதை மெட்டாடேட்டாவில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர் அரிது. அரிதான சரக்குக்குத்தான் விலை. ஹைதராபாத்தில் இன்காய்ஸ், புனேயில் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், பள்ளிக்கரணையில் என்ஐஓடி, கப்பல் வழி கணிக்கும் தனியார் நிறுவனம், இன்ஷூரன்ஸ் ரிஸ்க் டீம் என்று எங்கே விண்ணப்பித்தாலும் இந்தத் திறமை செல்லும்.

எப்படிப் பழகுவது என்று பார்ப்போம்.

1. எல்லை ஒன்றல்ல, மூன்று

ஒரு கடல் மாடல் ஃபைலில் மூன்று வகை எல்லைகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பு. இரண்டாவது, ஃபைல் முழுவதும் மூடும் பரப்பு. மூன்றாவது, பெயர் சொல்லிக் குறிக்கும் பகுதி: 'வங்கக்கடல்', 'இந்தியப் பெருங்கடல்' போல.

இவற்றுக்கான விதிகள் ஒரே இடத்தில் இல்லை. கட்ட விளிம்புக்கும் பெயருக்கும் சிஎஃப் கன்வென்ஷன்ஸ். 2003-இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. இன்று காலநிலை நெட்சிடிஎஃப் ஃபைல்களின் பொதுமொழி அதுதான். ஃபைலின் மொத்தப் பரப்புக்கு ஏசிடிடி என்ற அட்ரிபியூட் வழக்கம். 'ஜியோஸ்பேஷியல்' என்று தொடங்கும் அட்ரிபியூட்களை ஹெடரில் பார்த்திருப்பீர்கள், அவை இதிலிருந்து வந்தவை. கேட்டலாக்கில் ஏறும்போது இவையெல்லாம் ஐஎஸ்ஓ 19115 வடிவத்துக்கு மாறும். ஒரு விதிப்புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு மற்றதில் கைவைக்கும்போதுதான் பிழைகள் பிறக்கின்றன. இந்த மூன்று ஆவணங்களையும் ஒரு வார இறுதியில் படித்துவிடலாம். உங்கள் டீமில் வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்று தைரியமாக நம்பிப் படியுங்கள்.

2. நடுப்புள்ளியை எல்லை என்று எழுதாதீர்கள்

ஜூனியர்கள் அதிகம் செய்யும் பிழை இது. இந்தியப் பெருங்கடலின் மேற்கு, கிழக்குப் பகுதிகளின் வெப்பநிலை வேறுபாட்டைக் குறிக்கும் டைபோலை எடுத்துக்கொள்வோம். 1999-இல் சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகாடா ஆகியோர் வெளியிட்ட கட்டுரையில் வந்த கிழக்குப் பெட்டி 90 முதல் 110 டிகிரி கிழக்கு, 10 டிகிரி தெற்கு முதல் நிலநடுக்கோடு வரை. 1 டிகிரி கிரிட்டில் இதற்குள் விழும் கட்டங்களின் நடுப்புள்ளிகள் 90.5-இல் தொடங்கி 109.5-இல் முடியும், அட்சரேகையில் −9.5 முதல் −0.5. ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் நடுப்புள்ளிகளின் மினிமம், மேக்ஸிமம் எடுத்து ஹெடரில் போடுகிறார். 20-க்கு 10 டிகிரிப் பெட்டி 19-க்கு 9 ஆகிவிடுகிறது. 200 சதுர டிகிரி இருந்த இடத்தில் 171. ஏழில் ஒரு பங்கு கடல் காணாமல் போகிறது. அந்த ஹெடரை நம்பி யாராவது பரப்பளவால் பெருக்கி வெப்ப உள்ளடக்கம் கணக்கிட்டால், தவறு அவர் பேப்பருக்குள் போய்விடும். உங்கள் பெயரும் கூடவே போகும்.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு ஆயத்துக்கும் 'பவுண்ட்ஸ்' வேரியபிளைச் சேர்த்து, அதிலிருந்துதான் மொத்தப் பரப்பைக் கணக்கிட வேண்டும். வளைந்த கிரிட் என்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு மூலைகள். உலகக் காலநிலை மாடல்களை ஒப்பிடும் சிஎம்ஐபி6 திட்டத்தின் ஃபைல்களில் 'வெர்டிசஸ்' என்று தொடங்கும் வேரியபிள்கள் அவைதான். மேலிருந்து பார்க்கும்போது மூலைகள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வரிசைப்பட வேண்டும். வரிசை தலைகீழானால் ரீகிரிட் செய்யும் மென்பொருள் தடுமாறும், பிழை எங்கே என்று கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும்.

இன்னொரு நுணுக்கம். பெரும்பாலான கடல் மாடல்களில் வெப்பநிலை ஒரு புள்ளியிலும் நீரோட்டத்தின் வேகம் அரைக் கட்டம் தள்ளி இன்னொரு புள்ளியிலும் இருக்கும். அரகாவா சி-கிரிட் என்பார்கள். வெப்பநிலை ஃபைலின் எல்லையை அப்படியே காப்பி செய்து வேக ஃபைலில் ஒட்டுவது தவறு. இரண்டு ஃபைல்களையும் அருகருகே வைத்து இதைச் சுட்டிக்காட்டுகிற புதுமுகத்தை எந்த சயின்டிஸ்டும் மறக்க மாட்டார்.

3. மினிமம், மேக்ஸிமம் பொய் சொல்லும் இடங்கள்

எல்-நினோவுக்கான நினோ 4 பகுதி 160 டிகிரி கிழக்கில் தொடங்கி, 180-ஐத் தாண்டி, 150 டிகிரி மேற்கில் முடிகிறது. அகலம் 50 டிகிரி. −180 முதல் 180 வரை எண்ணும் ஃபைலில் இதை வெட்டி மினிமம், மேக்ஸிமம் பாருங்கள்: −179.5, 179.5. உலகத்தைச் சுற்றி ஒரு முழுப் பட்டை என்று ஹெடர் சொல்லும். சரியான பதிவு: மேற்கு எல்லை 160, கிழக்கு எல்லை −150. மேற்கு எண் கிழக்கு எண்ணைவிடப் பெரியதாக இருந்தால் பெட்டி எண் வரிசை முறியும் கோட்டை (இங்கே 180) தாண்டுகிறது என்று ஏசிடிடி தெளிவாகவே சொல்கிறது. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் ஜியோஜேசனும் அப்படியே.

அடுத்த பொறி, நிலப்பகுதிக் கட்டங்கள். நீமோ ரன்களில் முழுக்க நிலமாக இருக்கும் துண்டுகளுக்கு பிராசஸர் ஒதுக்காமல் விடுவது வழக்கம். அவுட்புட்டில் அந்த இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை 0 என்று வந்து நிற்கும். அரபிக்கடலுக்கென்று வெட்டிய ஃபைலின் மினிமம் 0 என்று காட்டினால், ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவரை உங்கள் எல்லை நீண்டுவிட்டது என்று பொருள். நிலத்தை விலக்கும் மாஸ்க் போட்ட பிறகே எல்லையைக் கணக்கிடுங்கள்.

மூன்றாவது பொறியில் அனுபவசாலிகளும் விழுவார்கள். 0 முதல் 360 வரை உள்ள உலக ஃபைலை −180 முதல் 180 முறைக்கு மாற்ற 360-ஆல் வகுத்து மீதி எடுக்கும் ஒரு வரி கோடு எல்லோரிடமும் இருக்கும். அது 0-ஐ 0 ஆக்கும், 360-ஐயும் 0 ஆக்கும். முழு உலகம் ஒரே கோடாகச் சுருங்கி கேட்டலாக்கில் ஏறும். அகலம் 360 என்றால் கணக்கே போடாமல் −180, 180 என்று எழுதும்படி ஃபங்ஷனில் ஒரு நிபந்தனை வையுங்கள்.

4. எது முதலில், அட்சமா தீர்க்கமா?

வெறும் நான்கு எண்களுக்குப் பதில் ஒரு பலகோண எல்லையைத் தர 'ஜியோஸ்பேஷியல் பவுண்ட்ஸ்' என்ற அட்ரிபியூட் இருக்கிறது. அதன் இயல்பான முறையான இபிஎஸ்ஜி 4326-இல் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அடுத்து. ஜியோஜேசனில் நேர்மாறு: தீர்க்கரேகைதான் முதலில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி செய்யும்போது இடம் மாறிவிடும்.

இதில் நம் கடற்கரைக்கென்று ஒரு தனி ஆபத்து இருக்கிறது. போர்ட் பிளேரின் தீர்க்கரேகை 92.7. அது தவறுதலாக அட்சரேகை இடத்தில் போனால் 90-ஐத் தாண்டிவிடும்; வரம்பைப் பார்க்கும் செக்கர் பிடித்துவிடும். சென்னையின் 80.27 மாட்டாது. அட்சரேகை 80 என்பது பூமியில் இருக்கக்கூடிய இடம்தான். சென்னையை இடம் மாற்றிப் போட்டால் நார்வேயின் ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். அங்கே விழுந்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது. ஸ்வால்பார்டில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. 2014-இல் அங்குள்ள ஃபியோர்டில் இந்தியா ஒரு கருவித் தொடரையே இறக்கியது. ஓர் இந்திய நிறுவனத்தின் ஃபைல் அங்கே தெரிவது இயல்பாகவே படும். 90-க்குக் குறைவான தீர்க்கரேகை கொண்ட அரபிக்கடல், தமிழகக் கரை, இலங்கை, எல்லாவற்றுக்கும் இதே கதை. மெஷின் பிடிக்காது. ஒவ்வொரு முறையும் எல்லைப் பெட்டியை ஒரு உலக வரைபடத்தில் வரைந்து கண்ணால் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

5. ஆழமும் எல்லைதான்

சுருக்கமாகச் சொல்கிறேன். கடலின் வெப்ப உள்ளடக்கத்தை 0–700 மீட்டர், 0–2000 மீட்டர் என்று அடுக்காகச் சொல்வது உலக வழக்கம். மாடலின் ஓர் அடுக்கு 650-இல் தொடங்கி 750-இல் முடிந்தால், அதைச் சேர்த்தீர்களா, பாதியாக வெட்டினீர்களா? ஹெடரில் இல்லையென்றால் அடுத்தவருக்குத் தெரியாது. அடுக்கின் மேல், கீழ் எல்லைகளை எழுதுங்கள். ஆழம் கீழ்நோக்கிக் கூடுகிறதா என்பதை 'பாசிட்டிவ்' அட்ரிபியூட்டில் சொல்லுங்கள். தரையின் வளைவைப் பின்பற்றும் சிக்மா வகை அடுக்குகள் என்றால் மீட்டருக்கு மாற்றும் சூத்திரத்தின் உறுப்புகளையும் ஃபைலுக்குள்ளேயே வையுங்கள்.

6. பெயர் எழுதினால் கோடு யாருடையது என்றும் எழுதுங்கள்

இதுதான் சீனியர்களையும் ஜூனியர்களையும் பிரிக்கும் இடம். பொறுமையாகப் பார்ப்போம்.

'வங்கக்கடலின் சராசரி வெப்பநிலை' என்று ஒரு ஃபைல் கொடுக்கிறீர்கள். வங்கக்கடல் எதுவரை? சர்வதேச நீர்வரைவியல் அமைப்பு 1953-இல் வெளியிட்ட எஸ்-23 கையேட்டின் மூன்றாம் பதிப்பில் ஒரு விடை இருக்கிறது. கிழக்கில், மியான்மரின் நெக்ரைஸ் முனையிலிருந்து அந்தமானின் பெரிய தீவுகள் வழியாக ஒரு கோடு. தெற்கில் ராமர் பாலம். பிறகு இலங்கையின் தென்முனையான டொண்ட்ராவிலிருந்து சுமத்ராவின் வடமுனைக்கு அருகிலுள்ள ஒரு தீவு வரை இன்னொரு கோடு. இந்தக் கணக்கில் பாக் நீரிணை வங்கக்கடலுக்குள் வரும், மன்னார் வளைகுடா வராது. ராமேஸ்வரம் மீனவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. ஒரு பக்கம் வடகடல், மறு பக்கம் தென்கடல். மாடலுக்குத்தான் குழப்பம். 1 டிகிரி கட்டம் ஒன்று நம் அட்சரேகையில் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். பாக் நீரிணை அதில் ஒழுங்காகத் தெரியாது. பல மாடல்களில் இலங்கை இந்தியாவோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். புத்தகத்தின் கோடு ஒன்று, மாடலின் கட்டங்களில் படிந்த கோடு இன்னொன்று. நீங்கள் பயன்படுத்தியது இரண்டாவது. அதைச் சொல்ல வேண்டும்.

தெற்கே போனால் சிக்கல் பெரிதாகிறது. 1953 பதிப்பில் தென்பெருங்கடல் என்ற தனிப் பெயரே இல்லை. இந்தியப் பெருங்கடல் அண்டார்டிகா வரை போகும். இன்று பலர் 60 டிகிரி தெற்கில் வெட்டுகிறார்கள். சிஎம்ஐபி6-இல் மாடல்கள் தரும் 'பேசின்' என்ற வேரியபிளில் தென்பெருங்கடலுக்கு ஒரு எண், இந்தியப் பெருங்கடலுக்கு வேறு எண். ஆனால் எந்த அட்சரேகையில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது அந்த மாஸ்க்கை வரைந்தவர் கையில். இரண்டு மாடல்களின் 'இந்தியப் பெருங்கடல்' சராசரியை ஒப்பிட்டு வித்தியாசம் கண்டால், கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் மாஸ்க். எவ்வளவு எது என்று சொல்லக்கூடியவர்தான் மீட்டிங்கில் பேச அழைக்கப்படுகிறார்.

சிஎஃப் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. எல்லை எளிய பெட்டியாக அடங்காதபோது, பகுதியின் பெயரை ஒரு லேபிளாக எழுதி, அந்த வேரியபிளுக்கு 'ரீஜன்' என்ற ஸ்டாண்டர்டு நேம் கொடுத்து, பெயரைப் பொதுப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். பட்டியல் பெயரைத் தருகிறது. கோட்டை வரைந்து தருவதில்லை. ஆகவே என் பழக்கம் இது: பட்டியல் பெயர், எந்த வரையறை, எந்த ஆண்டுப் பதிப்பு, எந்த மாஸ்க் ஃபைல், நான்கையும் எழுதுவேன். மாஸ்க்கை டேட்டாவோடு சேர்த்தே கொடுப்பேன். பெல்ஜியத்தில் நடத்தப்படும் மரைன் ரீஜன்ஸ் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கடற்பகுதிக்கும் ஒரு நிரந்தர எண் உண்டு. அந்த எண்ணையும் 'கமென்ட்' அட்ரிபியூட்டில் போட்டுவிட்டால் யாரும் உங்களுக்கு மெயில் அனுப்பிச் சந்தேகம் கேட்க வேண்டியதில்லை.

நீரிணைகளுக்கும் இதே பழக்கம் வேண்டும். பெரிங் நீரிணை, டிரேக் நீர்வழி, இந்தோனேசியத் தீவுகளுக்கிடையே பசிபிக்கிலிருந்து நம் கடலுக்குள் வரும் நீரோட்டம் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, அவற்றின் வழியே எவ்வளவு நீர் பாய்கிறது என்று மாடல்களைக் கேட்கிறது சிஎம்ஐபி6. வளைந்த கிரிட்டில் அந்தக் குறுக்குக்கோடு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கிப் போகும். பெயரோடு இரு முனைகளின் அட்சரேகை, தீர்க்கரேகையையும், எந்தத் திசை பாசிட்டிவ் என்பதையும் எழுதாவிட்டால் அந்த எண் பயன்படாது.

இங்கே ஒரு கேரியர் எச்சரிக்கை. கடலின் பெயர்கள் சில இடங்களில் அரசியல். எஸ்-23 கையேடு 1953-க்குப் பிறகு புதுப்பிக்கப்படாமல் நிற்பதற்கு முக்கியக் காரணம், ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள கடலுக்கு என்ன பெயர் என்ற தகராறு. 2020-இல் அந்த அமைப்பு பெயர்களுக்குப் பதில் எண்களைப் பயன்படுத்தும் புதிய டிஜிட்டல் முறைக்குப் போக ஒப்புக்கொண்டது. இந்தியா–இலங்கை கடல் எல்லை ஒப்பந்தங்கள் 1974, 1976-இல் வந்தவை. அவை வரைவது சட்டக் கோடு; நீரோட்டத்துக்கு அது தெரியாது. மாடல் டேட்டாவின் எல்லையாக நாட்டு எல்லையைப் போட வேண்டி வந்தால், நிறுவனம் அங்கீகரித்த ஷேப்ஃபைலை மட்டும் பயன்படுத்துங்கள், எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைத்த கோட்டை வைத்துப் போட்ட மேப்புக்கு விளக்கம் எழுதுவது ப்ரொபேஷனில் இருப்பவருக்கு நல்லதல்ல.

7. வெட்டியதும் ஹெடரைத் திருத்துங்கள்

இது என் சொந்தப் பாடம். வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு உலக ஃபைலிலிருந்து வங்கக்கடலை சிடிஓ என்ற கட்டளைக் கருவியால் வெட்டி கேட்டலாக்கில் ஏற்றினேன். சிடிஓ டேட்டாவை வெட்டும். குளோபல் அட்ரிபியூட்களைப் பழைய ஃபைலில் இருந்தபடியே கொண்டுவரும். என் ஃபைல் 'உலகம் முழுவதும்' என்று சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தது. வேறு நாட்டு டீம் ஒன்று அரபிக்கடலைத் தேடியது, என் ஃபைல் கிடைத்தது, பல ஜிபி டவுன்லோடு செய்து திறந்தார்கள், அவர்கள் கடல் அதில் இல்லை. புகார் எனக்கு வரவில்லை, என் மேலதிகாரியின் மேலதிகாரிக்குப் போனது. அந்த வருட அப்ரைசலில் டேட்டா தரம் என்ற வரிக்கு எதிரே என்ன எழுதப்பட்டிருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு விதி: வெட்டும் ஸ்கிரிப்டும் எல்லையை எழுதும் ஸ்கிரிப்டும் ஒரே ஸ்கிரிப்ட். தனித்தனியாக இருந்தால் அவசரத்தில் இரண்டாவது ஓடாது. வரிசை இப்படி:

வெட்டு. மாஸ்க் போடு. பவுண்ட்ஸிலிருந்து புதிய எல்லையைக் கணக்கிடு. பழைய 'ஜியோஸ்பேஷியல்' அட்ரிபியூட் அத்தனையையும் நீக்கிவிட்டுப் புதியதை எழுது. 'ஹிஸ்டரி'யில் தேதியோடு ஒரு வரி சேர். சிஎஃப் செக்கரையும் ஏசிடிடி பார்க்கும் கம்ப்ளையன்ஸ் செக்கரையும் ஓட்டு. கடைசியாகப் பெட்டியை மேப்பில் வரைந்து பார்.

செக்கர் பச்சை விளக்கு காட்டினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அட்ரிபியூட் இருக்கிறதா, யூனிட் சரியா என்றுதான் அது பார்க்கும். எழுதிய எல்லை உண்மையா என்று கடைசியில் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

பைதானின் எக்ஸ்அரேயில் இதை ஐம்பது, அறுபது வரிக்குள் ஒரு ஃபங்ஷனாக எழுதிவிடலாம். எழுதுங்கள். நினோ 4, டைபோல் பெட்டி, முழு உலகம், 80 டிகிரித் தையல் என்று நான்கு டெஸ்ட் கேஸ் வையுங்கள். நான்கும் பாஸ் ஆனால் அந்த ஃபங்ஷன் உங்கள் டீமின் சொத்து. கிட்ஹப்பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். அலுவலக விதி அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. செய்த வேலை கண்ணில் படட்டும்

மெட்டாடேட்டா வேலை சத்தமில்லாத வேலை. சரியாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே கவனிக்க வைப்பதும் உங்கள் பொறுப்பு. இதில் கூச்சம் வேண்டாம்.

ஏசிடிடியில் 'கிரியேட்டர்', 'கன்ட்ரிபியூட்டர்', 'கன்ட்ரிபியூட்டர் ரோல்' என்று தனித்தனி அட்ரிபியூட்கள் இருக்கின்றன. மாடல் ஓட்டியவர் ஒருவர், எல்லையும் மாஸ்க்கும் செய்தவர் நீங்கள் என்றால் ரோலைக் குறிப்பிட்டு உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். டேட்டாவுக்கு டிஓஐ வாங்கும்போதும் இதையே கேளுங்கள். கேட்காமல் யாரும் சேர்க்க மாட்டார்கள். ஃபைல் வெளியே போன பிறகு கேட்பது அலுப்பான வேலை. வெளியீட்டுக்கு முந்தைய மீட்டிங்கில் கேட்டால் ஒரு நிமிடத்தில் முடியும்.

சிஎஃப் விதிகளைப் பற்றிய விவாதம் கிட்ஹப்பில் பொதுவில் நடக்கிறது. ஒரு பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், ஒரு விதி தெளிவில்லை என்று யாரும் எழுதலாம். வெளிநாட்டுப் பெரிய ஆய்வக ஆட்கள் இருக்கும் இடம் என்று தயங்க வேண்டாம். தையல் இந்தியப் பெருங்கடலில் விழுவதால் வரும் சிக்கலை தினசரி அனுபவிக்கிறவர்கள் நாம். ஒரு உதாரண ஹெடரோடு, நான்கைந்து வாக்கியத்தில், கோபமில்லாமல் எழுதினால் பதில் வரும். முதல் மாதம் படிக்க மட்டும் செய்யுங்கள். இரண்டாவது மாதம் ஒரு சிறு எழுத்துப்பிழை திருத்தம் அனுப்புங்கள். பிறகு ஒரு உண்மையான கேள்வி. அந்த லிங்க்கை ரெஸ்யூமேயில் போட்டால் ஆன்லைன் கோர்ஸ் சர்டிஃபிகேட் பல சேர்ந்தும் தராத மதிப்பைத் தரும். உங்கள் வாதம் எப்படி இருக்கிறது என்று எடுக்கப்போகிறவர் தானே படித்துப் பார்த்துக்கொள்வார்.

ரெஸ்யூமே வரி எழுதும் முறை: 'மெட்டாடேட்டா அறிவு உண்டு' என்று எழுதாதீர்கள். 'மூன்று துருவ கிரிட் ஃபைல்களுக்கு, கட்ட விளிம்பிலிருந்து எல்லை கணக்கிடும் கருவி எழுதினேன். 180 டிகிரி தாண்டும் பகுதிகளையும் கையாளும்' என்று எழுதுங்கள். கேள்வி அங்கிருந்துதான் வரும். நீங்கள் தயாரித்து வைத்த இடத்திலிருந்தே கேள்வி வந்தால் பாதி ஜெயித்த மாதிரி.

9. நீங்களும் கேளுங்கள்

இன்டர்வியூ கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்பார்கள். பெரும்பாலானவர்கள் "இல்லை சார், தேங்க்யூ" என்று எழுந்துவிடுகிறார்கள்.

போன வருடம் தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு பெண் எழவில்லை. "உங்கள் பேசின் மாஸ்க்கை யார் வரைந்தது, எந்த வரையறையை வைத்து?" என்று கேட்டார். நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்களில் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அவர் அடுத்ததையும் கேட்டார்: "பகுதி ஃபைல்களை வெட்டும்போது ஹெடரைத் திருத்துவது தனி ஆளா, ஸ்கிரிப்டா?" மூன்றாவதாக, "வெளியான ஃபைலில் எல்லை தவறு என்று தெரிந்தால் திருத்திய பதிப்பு வெளியிட எத்தனை நாள் ஆகும்?" அவருக்கு ஆஃபர் போனது.

இந்த மூன்று கேள்விகளையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். எதிரே இருப்பவர்கள் உடனே தெளிவாகப் பதில் சொன்னால் அது கற்றுக்கொள்ள நல்ல இடம். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சேருங்கள். பதில் தயங்கித் தயங்கி வந்தால், அந்த வேலையைச் செய்ய அங்கே ஆள் இல்லை. அவர்களுக்கு நீங்கள் தேவைப்படுகிறீர்கள். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று ஹெச்ஆர் போன் செய்யும்போது மனதில் வைத்திருக்கும் எண்ணைக் குறைக்காமல் சொல்லுங்கள்.